வால் விளக்கு

அயோத்தியாப்பட்டணம் என்றதும் பலருக்குக் கோதண்டராமர் கோயில் நினைவுக்கு வரும். எனக்கோ சேலம்–விருத்தாசலம் ரயில் பாதைதான். மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய நாளில் என் தாத்தா அப்பாதையில் பாயின்ட்ஸ்மேன். இப்போது கண் மங்கிவிட்டதால் எதையும் விரலால் தடவித்தான் பார்ப்பார்.

பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் ரயில் செய்து, கடைசிப் பெட்டியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டும் வைத்தேன். தாத்தா தடவிவிட்டு, "வண்டி முழுசா வரலையே, கண்ணு" என்றார். எண்ணினேன். ஐந்து பெட்டிகளும் இருந்தன!

"வால் விளக்கு எங்கே?"

நடுவழியில் பெட்டி கழன்று நின்றுவிடலாம். கடைசி வண்டியின் அடையாளத்தை, இரவானால் சிவப்பு விளக்கை, கண்ட பிறகே வண்டி முழுதாக வந்ததென்று பின்னால் உள்ள ஸ்டேஷனுக்குச் சொல்வார்களாம். அதுவரை அடுத்த வண்டியை விடமாட்டார்களாம். கார்டு (2022 முதல் 'டிரெயின் மேனேஜர்') வண்டியில் பக்க விளக்குகளும் உண்டு. பின்புறம் சிவப்பு, எஞ்சின் பக்கம் வெள்ளை.

அம்மாவின் பழைய தோட்டுக் கல்லை ஒட்டினேன். பட்டை தீட்டிய கல் மினுக்கியதே தவிர, விளக்காகவில்லை. பிறகு மிட்டாய் வெள்ளித்தாளை ஒட்டி, அதன்மேல் நகப்பூச்சு தடவி, குண்டூசி முனையால் அரால்டைட் பசை ஒரு சொட்டு வைத்தேன். இரண்டு சொட்டு வழிந்து வீண். மூன்றாவது, மறுநாள் காலையில் கண்ணாடிக் குமிழாக நின்றது. டார்ச் அடித்தால் உள்ளிருந்தே எரிவதுபோல் இருந்தது.

தாத்தாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"வந்துருச்சு கண்ணு. பின்னாடி ஸ்டேஷனுக்குச் சொல்லிரு."