வலைவாயில் காத்தல்

அலுவலகக் கணினி வலையின் வாயிலைக் காப்பது என் தொழில். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரியெண் உண்டெனினும், அதனைப் பிறிதொரு கருவி எளிதிற் பூண்டுகொள்ளும். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த 802.1எக்ஸ் என்னும் நியமத்தின்படியோ, கருவி கடவுச்சொல்லையேனும் சான்றிதழையேனும் காட்டிச் சேவையகம் அதனை ஏற்குமளவும், சுவரிலுள்ள இணைப்புத்துளை பிறசெய்தி எதனையும் கடத்தாது. மேலதிகாரி தம் இல்லத்து மடிக்கணினியைக் கொணர்ந்தபொழுது அத்துளை வாய்திறவாதிருந்தது. அவர் முகஞ் சிவந்தது வேறு கதை. அதனால் எனக்குக் கலக்கமில்லை. எங்கள் பழைய அச்சுப்பொறியே என் கவலை. சான்று கேட்டால் விடைபகர அறியாத அவ்வூமையை முகவரியெண் ஒன்றையே நம்பி உள்ளே விடுகின்றோம். அவ்வெண்ணைப் பூண்டு வேறெவனும் நுழையலாமன்றோ? ஆதலின் அதனைத் தனிப்பகுதியில் ஒதுக்கி, அச்சுச் சேவையகத்தோடு மட்டும் உரையாட விட்டுள்ளேன். சம்பளக் கணக்குகள் இருக்கும் பக்கம் அதற்கு வழியில்லை.