கொண்டை

பிசியோதெரபி படிப்பின் முதல் வாரத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். முதுகு நேராக, முகம் முன்னே, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் அனாட்டமிக்கல் பொசிஷன். நிஜத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நம் உள்ளங்கை தொடையைத்தான் பார்த்திருக்கும். ஆனால், நோயாளி மல்லாந்து கிடந்தாலும் குப்புறக் கிடந்தாலும் அவர் இப்படி நிற்பதாக எண்ணிக்கொண்டுதான் முன், பின், மேல், கீழ் எல்லாம் சொல்ல வேண்டும். வலது என்றால் அவருடைய வலது. எதிரில் நிற்கும் என்னுடையது அல்ல.

அடுத்து அசைவுகள். மடக்கினால் ஃபிளெக்‌ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன். கையை உடம்பின் நடுக்கோட்டிலிருந்து விலக்கித் தூக்கினால் அப்டக்‌ஷன், திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் அடக்‌ஷன். காதில் இரண்டும் ஒன்றுபோல விழும் என்பதால் விரிவுரையாளர் 'ஏ-பி-டக்‌ஷன்', 'ஏ-டி-டக்‌ஷன்' என்று எழுத்துக்கூட்டியே சொல்வார். மேல்கை தன் அச்சில் வெளிப்பக்கம் திரும்பினால் எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன், உள்பக்கம் திரும்பினால் இன்டெர்னல் ரொட்டேஷன். நல்ல தோள் பக்கவாட்டில் 180 பாகை வரை எழும்பும். வெளிப்பக்கம் ஏறக்குறைய 90 பாகை திரும்பும். கோனியோமீட்டரை வைத்து ஒருவர் தோளை ஒருவர் அளந்து சிரித்துக்கொண்டோம்.

அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பாட்டி முடியை வெட்டியிருந்தார். தோட்டத்தில் மரம் சீவிய காலத்தில், இருட்டோடு எழுந்து கொண்டை போட்டு, அதன்மேல் துணி கட்டி, பெரட்டுக்குப் போனவர். கொண்டை இல்லாத பாட்டியை நான் பார்த்ததே இல்லை.

"ஒரே புழுக்கம்லா, வெட்டிட்டேன்" என்றார்.

பாட்டி மாடர்ன் ஆகிவிட்டார் என்று மாமா கிண்டலடித்தார். நானும் சிரித்தேன். அவரைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

அடுத்த செமஸ்டரில் ஃப்ரோசன் ஷோல்டர் பாடம் வந்தது. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடும். எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன்தான் அதிகம் குறையும், அதற்கடுத்து அப்டக்‌ஷன். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். "வந்தவுடனே பாகையை அளக்காதீங்க. தலை பின்ன முடியுதா, முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியுதான்னு முதல்ல கேளுங்க" என்றார் விரிவுரையாளர்.

தலை பின்ன, கை பக்கவாட்டில் எழும்பி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அப்டக்‌ஷனும் எக்ஸ்டெர்னல் ரொட்டேஷனும். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். பாட்டிக்கு இருபது வருடமாக இனிப்புநீர்.

அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போனேன்.

"பாட்டி, வலது கைய பக்கவாட்டுல தூக்குங்க."

தூக்கினார். கையோடு சேர்ந்து தோளும் காதுவரை ஏறியது, உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னேன். 60 பாகையில் நின்றுவிட்டது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளியே திருப்பிப் பார்த்தேன். 10 பாகைகூட வரவில்லை. பாட்டி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாதும்மா."

"கிளினிக்குல சொல்லலயா?"

"கை வலிக்குதுன்னு சொன்னேன். மாத்திர குடுத்தாங்க."

"முடி பின்ன முடியலன்னு சொன்னீங்களா?"

பாட்டி என்னை விநோதமாகப் பார்த்தார். "கொண்ட போட முடியலன்னு போயி டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அறையில் சரியாக நோயைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு முடியையே வெட்டிக்கொண்டார். எல்லா அசைவுக்கும் பெயர் தெரிந்த நான் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறேன்.

இப்போது தினமும் சுவரில் விரல்களால் ஏறுகிறார். எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். மெதுவாகத்தான் சரியாகும், வருடக்கணக்கில்கூட ஆகலாம் என்று சொல்லியிருக்கிறேன். போன மாதம் அளந்தபோது பக்கவாட்டில் 110.

"இது போதுமா?" என்றார்.

"எதுக்கு பாட்டி?"

அவர் பதில் சொல்லாமல் கழுத்துவரை வளர்ந்திருந்த முடியை இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.