இறந்தோர் தீவு

ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஆர்னோல்ட் பொக்லின் ‘இறந்தோர் தீவு’ காட்சியை 1880 முதல் 1886 வரை ஐந்து முறை வரைந்தார். சலனமில்லாத கரிய நீர்ப்பரப்பு. அதில் செங்குத்தாக எழும் பாறைத்தீவு. பாறைச்சுவரில் குடைந்த கல்லறை வாயில்கள். நடுவில் அடர்ந்து உயர்ந்த சைப்ரஸ் மரங்கள். ஒரு சிறு படகு கரையை நெருங்குகிறது. அதில் வெண்துகில் போர்த்த உருவம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறது. அதன் முன்னே ஒரு சவப்பெட்டி.

குறியீடுகளுக்குப் பொருள் சொல்வது கடினமன்று. மத்தியதரைக் கடல் நாடுகளில் சைப்ரஸ் இடுகாட்டு மரம். துடுப்பு வலிப்பவன், கிரேக்கப் புராணத்தில் இறந்தோரை அக்கரை சேர்க்கும் காரோன் என்பார்கள். இந்த விளக்கங்களோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஓவியம் உருவான கதை அவற்றைச் சற்று ஆட்டம் காணச் செய்கிறது.

1880-இல் பொக்லினின் ஃபிளாரன்ஸ் ஓவியக்கூடத்துக்கு வந்த மாரி பெர்னா, கணவரை இழந்தவர். அங்கே முதல் ஓவியம் பாதி வேலையில் இருந்தது. கனவில் ஆழ்ந்திருக்க ஏற்ற அதுபோன்ற படம் தமக்கும் வேண்டும் என்றார் அவர். அவருக்காக வரைந்த பிரதியில்தான் சவப்பெட்டியும் வெள்ளை உருவமும் இடம்பெற்றன. பிறகே முதல் ஓவியத்திலும் அவற்றைச் சேர்த்தார் பொக்லின். பெயர்கூட அவர் இட்டதன்று. மூன்றாம் பிரதியை வரையச் சொன்ன கலை வணிகர் ஃப்ரிட்ஸ் குர்லிட் 1883-இல் சூட்டியது அது.

ஆக, சாவின் நேரடி அடையாளங்கள் வருமுன்பே பெர்னாவை அந்த ஓவியம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதற்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பாறைகள் இருபுறமும் கை நீட்டி வளைக்க, பார்வை மரங்களின் இருளுக்குள் இழுபடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிவதே இல்லை. பாறை, மரம் என எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க, நீர் மட்டும் படுத்துக் கிடக்கிறது. கதவு தட்டும் ஓசைகூடத் திடுக்கிட வைக்கும் அளவுக்கு நிசப்தம் வேண்டும் என்பதே பொக்லினின் நோக்கம்.

பாசெலில் உள்ள முதல் ஓவியத்தில் அந்திமங்கல். பெர்லினில் உள்ள மூன்றாவதில் வானம் வெளுத்து, பாறைகள் துலக்கமாகத் தெரிகின்றன. மர்மம் கூடுதல் முதலாவதில்தான்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1907-இல் பாரிஸில் பார்த்தது இதன் கறுப்பு-வெள்ளைப் படியை. 1909-இல் அதை இசைப்படைப்பாக்கினார். துடுப்பசைவை நினைவூட்டும் ஐந்து தட்டுத் தாளத்தில் அது தொடங்குகிறது. பின்னாளில் வண்ண ஓவியத்தைக் கண்டபோது அவருக்கு ஏமாற்றமே. அதை முதலில் பார்த்திருந்தால் இசையமைத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.