பத்துச் சொற்கள்

2011ஆம் ஆண்டு. மீளக்குடியமர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 8 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பறைக்குக் கூரை தறப்பாள்தான். மழை பெய்தால் நான் கத்தினாலும் பின் வாங்குக்குக் கேளாது.

ஒருநாள் "எனது கிராமம்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பாடம் முடிந்தபோது பாதிக் கொப்பிகளில் தலைப்பு மட்டுமே இருந்தது. "எந்தக் கிராமத்தை எழுதுறது ரீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஏழெட்டு இடம் மாறிய பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

அன்றிரவுதான் ஹைக்கூ நினைவுக்கு வந்தது. ஜப்பானியரின் மூன்று வரிக் கவிதை. பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலிகளை எண்ணுவார்கள். தமிழில் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வதைக்க நான் விரும்பவில்லை. ஏழு சீரில் குறள் நிற்கிறது. பத்துச் சொல் உங்களுக்குப் போதாதா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

மூன்று வரி, பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. கண்ணால் கண்டதையோ காதால் கேட்டதையோ மட்டும் எழுத வேண்டும். துயரம், வேதனை, கண்ணீர் ஆகிய சொற்களுக்குத் தடை. அவை எல்லோர் வாயிலும் தேய்ந்துபோன சொற்கள்; பிள்ளைகளும் அவற்றையே கடன் வாங்குவார்கள் என்று பயந்தேன்.

கிராமத்தைக் கேட்ட அதே பையன் எழுதினான்:

கிணறு இறைத்தோம்.
முதலில் வாளி வந்தது.
பிறகு என் பழைய செருப்பு.

வகுப்பே கைதட்டியது. எனக்கும் சந்தோசம். கட்டுரையில் வராத ஊர் இந்தக் கிணற்றுக்குள் இருந்து வந்துவிட்டதே!

யன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை அதிகம் பேசமாட்டாள். கடைசியாகத்தான் கொப்பியைத் தந்தாள்.

நாலு கோப்பை கழுவினா அம்மா.
மூன்றில் சோறு போட்டா.
ஒன்றைத் துடைச்சுக் கவிழ்த்தா.

அது யாருடைய கோப்பை என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு பிழை செய்தேன். சிவப்புப் பேனையால் மூன்றாம் வரியின் முன்னால் "கண்ணீருடன்" என்று எழுதிக் கொடுத்தேன். தடை போட்டவளே நான்தான்; அந்த நேரம் அது என் கையை நிறுத்தவில்லை.

பிள்ளை பார்த்தாள். விரல் வைத்து எண்ணினாள்.

"பதினொன்றாப் போச்சு ரீச்சர்."

பிறகு மெதுவாக, "அம்மா அழேல்லை" என்றாள்.

நான் அந்தச் சொல்லை வெட்டினேன். பேனைக் கோடு போனாலும் சிவப்பு தெரியத்தான் செய்தது. புதுத் தாள் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னேன்.

சுவர்ச் சஞ்சிகையில் ஒட்டலாமா என்று கேட்டபோது, அம்மாவைக் கேட்க வேண்டும் என்றாள். அடுத்த கிழமை தாய் வந்தா. கூலி வேலைக்குப் போகும் வழி, மண்வெட்டி கையில். வாசலில் நின்றபடியே தாளை இரண்டு தரம் வாசித்தா.

"சுவரில வேண்டாம் ரீச்சர். இதை நான் கொண்டு போகட்டே?"

தலையாட்டினேன். மடியில் செருகியிருந்த பிளாஸ்ரிக் பையை எடுத்தா. குடும்ப அட்டையும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் அதற்குள் இருந்தன. தாளை நாலாக மடித்து அவற்றோடு வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று நடந்தா.