பின்னால் வரும் வண்டிக்கு யார் காற்று அடிப்பது?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவனை நம்பலாமா என்று முடிவு செய்ய முதலாளிகள் ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். மைலேஜ். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை பங்க் பில்லில் இருக்கும் லிட்டரால் வகுக்க வேண்டியது. 12 வந்தால் நல்ல பையன். 8 வந்தால் டியூப் போட்டு உறிஞ்சி விற்கிறான். வேறு காரணம் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. இந்த எண்ணைப் பற்றித்தான் இன்றைய பதிவு. நீளமானது, கணக்கும் வரும். கணக்கு என்றதும் ஓடிவிடும் என் பழைய மாணவர்கள் இந்த ஒரு தடவை உட்கார்ந்து படிக்கவும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது நாற்பதைத் தாண்டியவன், திருவிழாக்களுக்கு சீரியல் லைட்டும் சவுண்டு சர்வீசும் போடும் ஓர் அண்ணாச்சியிடம் பிக்கப் ஓட்டுகிறான். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் தூக்கம் கிடையாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கல், நடுவில் கிராமத்துக் கொடைகள், மதுரைப் பக்கம் கல்யாணங்கள். பிக்கப்பின் மேல் கம்பங்கள், ஒயர் சுருள்கள், லைட் போர்டுகள். பின்னால் ஊக்கில் மாட்டிய ஜெனரேட்டர், இரண்டு சக்கர டிரெய்லரில்.

ஜெனரேட்டர் இல்லாமல் போகும் நாட்களில் வண்டி 12 கொடுக்கிறது. மாட்டிப் போகும் நாட்களில் 8, சில நாள் அதற்கும் கீழே. 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் சொச்சம் வித்தியாசம். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இது கிட்டத்தட்ட 400 ரூபாய். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. பேசாமல் பேட்டாவில் பிடித்துக்கொண்டார். அவன் அதைச் சொல்லத்தான் வந்தான். "பணம் போனாப் போகுது சார். கூட வர்ற பயலுவ முன்னாடி என்னைய டீசல் திருடன்னு சொல்லாமச் சொல்றாருல்ல, அதான் சார்" என்றான்.

நான் இயற்பியல் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்தைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்த விவகாரத்துக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

பள்ளியில் ஒரு செங்கலைக் கயிற்றில் கட்டி, சுருள்வில் தராசை மாட்டி, தரையில் இழுக்கச் சொல்வேன். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு செங்கலுக்கு அடியில் உருளைப் பென்சில்களை வைத்து இழுத்தால் முள் மளமளவென்று இறங்கிவிடும். எடை அதேதான், இழுக்கத் தேவையான பலம்தான் குறைகிறது. வண்டிக்கும் இதே சங்கதி. வண்டியின் மூக்கில் ஒரு பெரிய சுருள்வில் தராசை மாட்டி யாரோ இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முள் காட்டும் கிலோதான் உங்கள் டீசல்.

மூன்று டன் எடையுள்ள வண்டி நல்ல தார்ச்சாலையில், டயரில் சரியான காற்றோடு உருண்டால் இழுவை எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால் பங்குதான். சுமார் 36 கிலோ. வேகம் 30 ஆனாலும் 70 ஆனாலும் இது பெரிதாக மாறாது. இன்னொன்று எதிர்க்காற்று. நாம் ஓடுவதாலேயே முகத்தில் அடிக்கும் காற்று. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கேபினுக்கு மேலே லோடு ஏற்றிய பிக்கப்புக்கு 60-இல் சுமார் 45 கிலோ என்று என் உத்தேசக் கணக்கு. 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்று 45-இலிருந்து 80 கிலோ ஆகிவிடுகிறது. மொத்த இழுவை 81-இலிருந்து 116. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 10-க்கு வந்துவிடும். யாரும் திருடவில்லை.

எடை, உயரம், வேகம், இந்த மூன்றும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதமாக விளையாடும். நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அச்சகத்துக்குப் பேப்பர் ரீம் ஏற்றிப் போகும் வண்டியில் லோடு கேபின் உயரத்துக்குக்கூட வராது, ஆனால் பட்டை அமுங்கிக் கிடக்கும். பட்டாசு அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டி எடையில் பாதிகூட இருக்காது, மாடி வீடு போல நிற்கும். பைபாஸில் வேகமாகப் போனால் இரண்டாவது வண்டி அதிகம் குடிக்கவும் வாய்ப்பு உண்டு. எடை குறைவுதானே, மைலேஜ் ஏன் வரவில்லை என்று கேட்கும் முதலாளியிடம் ஓட்டுநர் என்ன சொல்வான்?

தண்ணீர் டிராக்டர் நேர்மாறு. 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். டிரெய்லரும் டிராக்டரும் சேர்ந்தால் 9 டன் வரும். வேகம் 20. அதற்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, தராசில் 5 கிலோ காட்டினால் அதிகம். ஆனால் தெருவுக்குள் திரும்பி மண் சாலையில் இறங்கியதும் இழுவை 400 கிலோவைத் தாண்டும். டிராக்டர்காரர்கள் மண் தெருவுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால் நாம் சண்டைக்குப் போகிறோம். அது நியாயமான ஐம்பது ரூபாய் என்பது என் கட்சி.

டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா மகன் பெரிய பிக்கப்பின் பின்னால் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். மாட்டினால் மைலேஜ் பாதி என்கிறான். அங்கே எல்லாம் காற்றின் வேலை, வீட்டையே நெடுஞ்சாலை வேகத்தில் இழுக்கிறான் அல்லவா. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா அடுத்த ஆண்டே நாடு முழுவதும் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் வேகம் என்று சட்டம் போட்டது. நம் நாட்டிலும் பி.சி.ஆர்.ஏ. என்ற பெட்ரோலியச் சேமிப்பு அமைப்பு 1978 முதல் இருக்கிறது. 45-க்கும் 55-க்கும் நடுவில் ஓட்டுங்கள் என்பது அவர்களின் பழைய பாட்டு. விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள், கேட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, நம்ம பையன் கதைக்கு வருகிறேன். முதலில் இரண்டு நோட்டுப் போடச் சொன்னேன். வண்டிக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று. அதுவரை ஒரே பில்லில் இரண்டுக்கும் டீசல் வாங்கி, கேனில் மிச்சம் இருப்பதைக் கண்ணால் மதிப்பிட்டுக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் சில லிட்டர் குடிக்கும் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் எந்த எண்ணும் நிற்காது. அதன் பிறகும் மைலேஜ் 8-ஐ ஒட்டித்தான் வந்தது.

அண்ணாச்சியை எனக்குத் தெரியும். அவருடைய தம்பி மகளும் என்னிடம் படித்தவள். போய்ப் பேசினேன். "ஒரு நாள் நீங்களே முன்சீட்டில் உட்காருங்க அண்ணாச்சி, டீசல் என் செலவு" என்றேன். சிரித்தார், ஆனால் வந்தார். விருதுநகரில் ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பி, நான்கு வழிச்சாலையில் சாத்தூர் வரை போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி நிரப்புவது என்று ஏற்பாடு. போக வர 52 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஏற்றமும் இறக்கமும் காற்றும் சரிக்குச் சரியாகிவிடும். எட்டூர்வட்டம் டோல்கேட்டில் அழுததை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் நடை, வழக்கமாக எப்படிப் போவானோ அப்படியே. போர்டுகள் நிறுத்தி வைத்தபடி, வேகம் 75, 80. திரும்பி வந்து நிரப்பினால் 6.7 லிட்டர். வகுத்தால் 7.8. அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வண்டி எங்கும் நிற்கவில்லை. அவர் பில்லை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். என்னைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் டீசல் எங்கே போகிறது என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியில் கை வைத்துப் பார் என்றேன். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கம் கை வைக்க முடியவில்லை. பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கிடந்தது. டயரில் அளந்தால் 50 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 22. பிக்கப்பின் நான்கு டயருக்கும் வாரம் தவறாமல் காற்று அடிக்கிறார்கள். டிரெய்லர் டயருக்குக் கடைசியாக எப்போது அடித்தது என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. எஞ்சின் இருப்பதுதான் வண்டி, பின்னால் வருவது சாமான் என்ற நினைப்பு. காற்று இறங்கிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் சப்பையாகி எழும். அந்தச் சப்பையை எழுப்புவதும் முன்னால் இருக்கும் எஞ்சின்தான்.

காற்று அடித்தோம், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் வைத்தோம், நின்ற போர்டுகளைப் படுக்க வைத்துக் கட்டினோம். இரண்டாவது நடை அதே 75, 80-இல். 5.6 லிட்டர், அதாவது 9.3. மூன்றாவது நடை முள் 50-ஐத் தாண்டவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டார்கள். 4.6 லிட்டர், 11.3. ஜெனரேட்டர் இல்லாமல் கிடைக்கும் 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"அப்ப இத்தன நாளா என் டீசலக் குடிச்சது யாரு?" என்றார் அண்ணாச்சி.

பையன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "காத்துதான் அண்ணாச்சி. பாதி, காத்து இருந்ததால போச்சு. பாதி, காத்து இல்லாததால போச்சு."

இவன் ஐந்தாம் வகுப்பில் அறிவியலுக்கு 38 மார்க் வாங்கியவன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அண்ணாச்சி பிடித்த பேட்டாவில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை முதலாளிகளின் அகராதியில் கிடையாது, ஆனால் மறுவாரம் கூட்டாளிப் பையன்கள் முன்னிலையில் "டிரெய்லருக்குக் காத்துப் பாத்தியாப்பா?" என்று அவனிடம் கேட்டாராம். அது போதும் சார் என்றான்.

டயரும் கிரீஸும் போர்டும் சுலபமான பகுதி. ஒரு நாள் வேலை, யாருக்கும் நஷ்டம் இல்லை. சிக்கல் மூன்றாவது நடையில்தான் இருக்கிறது. மதுரைக்குப் போக வர 150 கிலோமீட்டர் என்று வையுங்கள். 75-இல் போனால் இரண்டு மணி நேரம், 50-இல் போனால் மூன்று. மிச்சமாகும் டீசல் 2.8 லிட்டர், ஏறக்குறைய 260 ரூபாய். அந்த 260 ரூபாய் அண்ணாச்சி பையில் விழுகிறது. அதற்கான ஒரு மணி நேரம் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து போகிறது. "மெதுவாக ஓட்டி டீசலைச் சேமியுங்கள்" என்று போர்டு எழுதி வைக்கிறவர்கள் இந்த வகுத்தலை மட்டும் போடுவதே இல்லை. பிரேக் இல்லாத இரண்டு சக்கர டிரெய்லர் 80-இல் வாலாட்டும், 50-இல் ஆட்டாது என்பதால் நான் 50 கட்சிதான். அதற்காக அந்த ஒரு மணி நேரத்தை இனாமாகக் கேட்பது சரியில்லை.

இப்போது மதுரை வேலை என்றால் மாலை நாலரைக்குக் கிளம்புகிறவன் நான்கு மணிக்கே கிளம்புகிறான். டயர் காற்றுப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடும், 50-இல் வந்தால் வீடு சேர இன்னும் அரை மணி நேரம் கூடும். போக வர ஆகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் சேர்த்துப் பேட்டா தர வேண்டும் என்று கேட்டிருக்கிறான். 260-இல் 100. அண்ணாச்சி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஆடிக் கொடைகள் தொடங்குவதற்குள் சொல்ல வேண்டும்.