பழைய வண்டியும் புதுச் செலவும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் மோட்டார் வண்டியைக் கண்டவர்கள் அல்லர். கண்டிருந்தால், "மோட்டார் இருந்தால் ஆயிரம் செலவு, இறந்தால் எடைக்கு இரும்பு" என்று இன்னொரு பழமொழியும் நமக்குக் கிடைத்திருக்கும். அதுவும், ஒரு காலத்தில் வேகத்துக்குப் பெயர்போன மோட்டார் வயதாகி வாசலில் நிற்கிறது என்றால், அந்த வீட்டுக்காரரிடம் ஊரார் காட்டும் அனுதாபத்துக்கு அளவே கிடையாது.

அந்த அனுதாபத்தில் கணிசமான பங்கு சில வருஷங்களாக எனக்குக் கிடைத்து வருகிறது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு திருச்சிராப்பள்ளியில் உபாத்தியாயர் தொழில் பார்ப்பவனுக்கும் மிட்ஸுபிஷி லான்சர் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் பெரியப்பா மூலமாக வந்தது. 2006-ல் அவர் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. கண் பார்வை மங்கியபோது சாவியை என் கையில் கொடுத்து, "விற்றுவிடாதே" என்று ஒரே வார்த்தை சொன்னார். வண்டியோடு அந்த வார்த்தையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

லான்சர் என்றதும் சீமைச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். வரைபடம் ஜப்பானுடையதுதான், வண்டி பிறந்தது நம்முடைய திருவள்ளூருக்கு அருகில். அம்பாஸடர் வண்டியை நாட்டுக்குக் கொடுத்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்ஸுபிஷியுடன் சேர்ந்து 1998-ல் அங்கே இந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தது. அதே காலத்தில் லான்சர் என்ற பெயர் உலகமெங்கும் பிரசித்தி பெற்றிருந்தது. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருஷங்கள், பின்லாந்து தேசத்து டாமி மாக்கினென் உலக ராலிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது லான்சர் எவொல்யூஷன் வண்டியில்தான். அதற்கு டர்போ எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் விசை உண்டு. எங்களுடையதோ 1.5 லிட்டர் எஞ்சின். விசை முன் சக்கரங்களுக்கு மட்டும். ஆகையால் இரண்டுக்கும் உள்ள உறவு ஒன்றுவிட்ட தம்பி உறவுதான்.

ஆனால் குடும்ப லட்சணம் ஒன்று தம்பியிடமும் இருக்கிறது. சாதாரணச் சிறு கார்களில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டத்தில் இணைத்துவிடுவது வழக்கம். லான்சரிலோ ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல சிறிய இரும்புக் கைகள் தனித்தனியாகத் தாங்குகின்றன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது தன் பாட்டுக்குத் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரியும். வேகமாகப் போக வேண்டும் என்பதில்லை. நிதானமாகப் போகும்போதே, திருப்புகிற இடத்தில் திரும்பி, நினைத்த கோட்டில் நிற்கும். புது வண்டிகள் பலவற்றில் ஏறிப் பார்த்திருக்கிறேன். அந்த நிச்சயம் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

அந்தக் கைகளே இன்பத்துக்கும் காரணம், செலவுக்கும் காரணம். ஒவ்வொரு கையின் முனையிலும் 'புஷ்' என்னும் ரப்பர் உருளை ஒன்று உண்டு. ரப்பர் ஒரு விசித்திரமான வஸ்து. இரும்பு ஓட ஓடத் தேயும்; ரப்பரோ ஓடாமல் நின்றாலும் கிழடு தட்டும். வெயிலும் காற்றும் பட்டு நெகிழ்ச்சி குறைந்து, இறுகி, வெடித்துவிடும். திருச்சிராப்பள்ளியின் அக்கினி நட்சத்திரத்தை இருபது முறை கண்ட ரப்பரின் கதியைக் கேட்கவும் வேண்டுமா? "வண்டியை அதிகமாக ஓட்டுவதே இல்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பெருமைப்படுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சென்ற வருஷக் கடைசியில் வண்டி பின்புறம் 'கடகட'வென்று பேச ஆரம்பித்தது. பதிவுச் சான்றிதழும் 2026-ல் காலாவதியாக இருந்தது. முதல் 15 வருஷம் கழிந்தபின் ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உத்தரவு வந்தது. பசுமை வரி வேறு. புகை கக்கும் பழைய வண்டிகள் குறைய வேண்டும் என்பது சர்க்காரின் நோக்கம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்படியும், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

பாலக்கரைப் பக்கம் எங்கள் வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். டைமிங் பெல்ட்டும் அதைச் சேர்ந்தவையும் 9,000 ரூபாய், பின்புறக் கைகள் புஷ்களுடன் 24,000, ஷாக் அப்சார்பர் நான்கு 18,000, ரேடியேட்டர் 6,000, கிளட்ச் 11,000, டயர் நான்கு 20,000, கூலி 15,000. ஆக மொத்தம் 1,03,000 ரூபாய்.

அன்று என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். தாளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "அத்தான், வண்டியை விற்றால் எழுபதாயிரம் தேறாது. அதற்கு லட்ச ரூபாய் வைத்தியமா? வருகிற ஜூனில் குழந்தையின் காலேஜ் சம்பளம் வேறு இருக்கிறதே!" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெரியப்பாவின் வார்த்தை ஒரு புறம், மகளின் படிப்பு ஒரு புறம் என்று வந்துவிட்டால் எது கனமானது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் என் மனைவி, வரவு செலவு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு ஒரு கேள்வி கேட்டாள்: "வண்டி என்ன விலை பெறும் என்பதா கணக்கு? வண்டி இல்லாவிட்டால் என்ன செலவாகும் என்பதல்லவா கணக்கு?"

கணக்குப் போட்டோம். சுமாரான புது வண்டிக்கு 8 லட்சம் கடன் வாங்கி, 9 சதவிகித வட்டியில் 5 வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 16,600 ரூபாய்க்குமேல் ஆகிறது. பாயின் பட்டியல் முழுவதும் ஆறு மாதத் தவணைக்குத்தான் சமம். மீதி 54 மாதத் தவணையை மைத்துனர் கட்டப் போவதில்லை. பழைய வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்பது உண்மை. நாங்கள் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுகிறோம். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுப்பதற்கும் 17 கொடுப்பதற்கும் வித்தியாசம், இன்றைய விலையில் வருஷத்துக்குச் சுமார் 16,000 ரூபாய். அதாவது, ஒரு மாதத் தவணைக்குள் அடக்கம். தினம் 50 கிலோமீட்டர் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். அவர்கள் என் மைத்துனர் சொல்வதையும் யோசித்துப் பார்ப்பது நல்லது.

பிறகு பட்டியலைக் கத்தரிக்கத் தொடங்கினாள். "நிற்பதற்கு வேண்டியது முதலில், ஓடுவதற்கு வேண்டியது அடுத்து, பார்வைக்கு வேண்டியது கடைசியில்" என்பது அவள் போட்ட சட்டம். பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் இதைச் சிபாரிசு செய்கிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மலை இறக்கத்தில் சூடேறி ஆவியானால் மிதித்த கால் ஆழ இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1419 என்றால் 2019-ம் வருஷம் 14-வது வாரத்தில் செய்த டயர். பூ வேலை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான டயரை நம்பலாகாது. டைமிங் பெல்ட் பல் வைத்த ரப்பர் வார். அது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே ஓய்ந்துவிடும். பல வகை எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி நாசமாகும். எனவே ஓடிய தூரத்தை மட்டுமின்றி வருஷத்தையும் எண்ண வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எதனால் கலந்து வருவதால், பழைய வண்டியின் பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் அடிக்கடி பார்ப்பது அவசியம். கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை, அது காத்திருக்கலாம். வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

பணத்துக்கு வழி பிறந்தது, பொருளுக்குப் பிறக்கவில்லை. பின்புறக் கைகள் திருச்சிராப்பள்ளியில் எங்கும் கிடைக்கவில்லை. பாய் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சொல்லியனுப்பினார். வந்த பழைய சரக்கில் இரும்பு புதிதாகத்தான் இருந்தது. ரப்பர் மாத்திரம் அலமாரியிலேயே கல்லாகியிருந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. சாலையில் மிஞ்சியிருப்பவை கொஞ்ச வண்டிகள். அவற்றுக்காகச் சாமான் செய்து அடுக்கி வைக்க எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. நல்ல எஞ்சினோடு கூடிய எத்தனையோ வண்டிகள் உள்ளங்கை அகல ரப்பர் கிடைக்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

"கவலைப்படாதீங்க வாத்தியார் சார், செஞ்சுக்கலாம்" என்றார் பாய்.

அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர் அதன் சொந்தக்காரர். இளமையில் பொன்மலையில் தொழில் பழகியவராம். தேய்ந்த புஷ்ஷை வாங்கி, காலிப்பரை வைத்து நான்கு இடத்தில் அளந்து, ஒரு தாளில் படம் போட்டார். இரும்புக் குழாயைக் கடைந்து உறை செய்தார். உள்ளே ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் வைத்தார். எட்டு புஷ், ஒன்று 800 ரூபாய் வீதம் 6,400 ரூபாய். இருபத்துநாலாயிரம் ஆறாயிரத்துச் சொச்சமாக இறங்கிற்று. கிளட்ச்சையும் தள்ளிப் போட்டதில் மொத்தச் செலவு 74,400 ரூபாயோடு நின்றது. மகளின் சம்பளப் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. புது புஷ் ரப்பரைவிடச் சற்றுக் கடினம். மேடு பள்ளம் இடுப்புக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் கடகடப்பு ஓய்ந்தது. வளைவில் பழைய நிச்சயம் திரும்பி வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டரும் ஓட்டிப் பார்த்து, ஐந்து வருஷம் கொடுத்தார்.

பொன்மலையில் பழகியவர் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. நீலகிரி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்ஸர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டு, 1914 முதல் 1952 வரை பல தவணைகளில் இங்கே வந்தவை. அவற்றுக்குச் சாமான் தீர்ந்தபோது, 1928-ல் ஏற்பட்ட நம் பொன்மலைத் தொழிற்சாலை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தேய்ந்ததை அளந்தது, தானே செய்தது. 2011-லிருந்து முழு எஞ்சின்களையே புதிதாகக் கட்டி மலைக்கு அனுப்பிற்று. 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினையும் செய்து முடித்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை. ஏன், எங்கள் காவிரிப் பாலமே சாட்சி. 1976-ல் திறந்த பாலத்தை 2022 நவம்பரில் மூடி, உத்தரங்களைத் தாங்கும் பேரிங்குகளையும் இணைப்புகளையும் செப்பனிட்டு, 2023 மார்ச்சில் திறந்தார்கள். பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அந்த மாதங்களில் முணுமுணுத்தவர்கள் உண்டு. பாலத்தை இடித்துவிடலாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஒரு யந்திரத்தை வாங்குவதற்குப் பணம் போதும். அதைக் காப்பாற்றுவதற்கு, அதே பாகத்தை நம் ஊரில் செய்யத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இல்லாத தேசம், எவ்வளவு வண்டி செய்து குவித்தாலும் உதிரி சாமானுக்காக அயலான் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். சுதேசியம் என்று பெரியவர்கள் சொன்னதில் இதுவும் அடக்கம் என்று நினைக்கிறேன்.

ஆனால் லேத் பட்டறைப் பெரியவருக்குச் சிஷ்யன் இல்லை. மகன் வெளியூரில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். "நான் இருக்கிற வரைக்கும் உங்க வண்டி ஓடும் சார். அப்புறம் ஆண்டவன் விட்ட வழி" என்றார். வருஷந்தோறும் என் வகுப்பில் நாற்பது பையன்கள் உட்காருகிறார்கள். என்ஜினீயராக வேண்டும் என்று சொல்லாத பையன் அபூர்வம். கடைசல் யந்திரத்தை நேரில் கண்ட பையன் அதைவிட அபூர்வம். குழந்தையை ஒரு சனிக்கிழமை இப்படிப்பட்ட பட்டறைக்கு அழைத்துச் சென்று காட்டுவதில் எந்தக் குடும்பத்துக்கும் கௌரவக் குறைவு வந்துவிடாது. எங்கள் மகள் வந்து பார்த்தாள். காலிப்பரைப் பிடித்து அளந்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று தெரிந்துகொண்டாள்.

பெரியவர் அந்த அளவுத் தாளைத் தூக்கி எறியவில்லை. மேலே 'லான்சர், பின் கை' என்று எழுதி, சுவரில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். திருச்சி ஜில்லாவில் எங்கேயாவது இன்னொரு லான்சர் கடகடத்துக்கொண்டு நின்றால், அதன் சொந்தக்காரர் அரியமங்கலத்துக்கு வரலாம். அளவு தயாராக இருக்கிறது.