அறுந்துபோகும் பட்டை

உங்கள் இல்லத்துக் கிரைண்டரின் அடிப்பகுதியை என்றேனும் உற்று நோக்கியதுண்டா? மோட்டாரின் சுழற்சியைக் கல்லுக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. தையல் மிஷினில் அதே வேலையைத் தோல்பட்டை செய்கிறது. அது தளர்ந்தால் நம் பெண்மக்கள் எவரையும் அழைப்பதில்லை. சிறிது வெட்டி, கம்பியை வளைத்துத் தாமே மாட்டிக்கொள்கின்றனர். காரின் ஃபேன் பெல்ட் அறுந்தால் மட்டும் வீடே திகைத்து நிற்கிறது! இதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டையால் விசை கடத்துவது நம் பொருநைக் கரைக்குப் புதிதுமன்று. 1880-களில் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கினர். அக்காலத்து ஆலைகளில் ஒரே சுழல்தண்டிலிருந்து தோல்பட்டைகள் வழியாகவே இயந்திரங்கள் சுழன்றன. பக்கங்கள் சரிந்த இன்றைய ரப்பர் பட்டையை அமெரிக்கரான ஜான் கேட்ஸ் 1917-இல் உருவாக்கினார். இன்று மதுரையிலேயே ஃபென்னர் நிறுவனத்தார் இத்தகைய பட்டைகளைத் தயாரிக்கின்றனர்.

எங்கள் வண்டி பழைய அம்பாசடர். உத்தரபாரா ஆலை அதன் உற்பத்தியை 2014-இல் நிறுத்திவிட்டது, நாங்கள் நிறுத்தவில்லை. சென்ற கோடையில் மேலப்பாளையத்திலிருந்து பாபநாசம் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவள் என் மகள். பின்னிருக்கையில் எழுபத்தெட்டு வயதான என் உம்மா. பத்தமடை, சேரன்மகாதேவி கடந்து வீரவநல்லூரை நெருங்குகையில் பட்டென்று ஓர் ஓசை. உடனே பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அக்கணமே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். அந்தப் பட்டைதான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது; அது நின்றபின் இரண்டு மைல் ஓட்டியிருந்தாலும் எஞ்சின் கொதித்துப் பாழாகியிருக்கும். நடுப்பகல் வெயிலில் உம்மாவை எங்கே கொண்டு செல்வது? நல்ல வேளையாக மரநிழல் இருந்தது; டிக்கியில் மாற்றுப் பட்டையும் இருந்தது.

எஞ்சின் ஆறும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோம். ரேடியேட்டர் மூடியை நாங்கள் தொடவேயில்லை. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, துப்பட்டாவை இறுக முடிந்துகொண்டாள். டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதனை எஞ்சின் பக்கமாகத் தள்ளினாள். புதிய பட்டையை விசிறியின் இறக்கைகள்மீது ஒவ்வொன்றாகக் கடத்தி, கீழ்க் கப்பியிலும், பம்பின் கப்பியிலும், இறுதியாக டைனமோவின் கப்பியிலும் அமர்த்தினாள். திருப்புளியால் நெம்பி ஏற்றுவோர் உண்டு; அதனால் பட்டைக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். டைனமோவைத் தளர்த்தினால் நெம்பவே தேவையில்லை.

பின்பு ஒரு மரக்கட்டையால் டைனமோவை வெளிப்புறமாகத் தள்ளிப் பிடித்து போல்ட்டுகளை இறுக்கினோம். இறுக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு அமிழ வேண்டும். மிகுதியாக இறுக்கினால் பேரிங்குகள் தேயும்; தளர்ந்தால் கிறீச்சிடும். "அவ்வளவுதானா? இதற்கா ஒர்க் ஷாப்பில் ஒரு நாள் நிறுத்துகிறார்கள்?" என்று உம்மா கேட்டார்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது கிறீச்சிடுவதும், உட்புறத்தில் வெடிப்புகள் தோன்றுவதும், பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னுவதும் பட்டை மூப்படைந்ததற்கு அடையாளம். அது கப்பியைப் பற்றுவது பக்கங்களால்தான். ஆகவே ஓசை அடங்கச் சோப்பு தேய்க்கச் சொல்வோரின் பேச்சைக் கேளாதீர்கள்.

புதிய கார்களில் பட்டையைத் தானாக இறுக்கும் கருவி உண்டு. அதற்குரிய முறையை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் மூடியிருக்கும் டைமிங் பெல்ட் வேறு வகை. அது பிசகினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். கடைக்குச் செல்லும்போது பழைய பட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முதுகில் அச்சிட்ட எண்ணைக் காட்டி அதே எண்ணில் இரண்டு வாங்குங்கள். ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.